மூட்டைக்கு அடியில் காகிதப் பனி

இந்தக் காலத்தில் "நான் பார்க்கவில்லை" என்று சொல்லும் மனிதன் அபூர்வமாகிவிட்டான். முன்பெல்லாம் தெருவில் ஒரு சண்டை நடந்தால் பத்துப் பேர் வேடிக்கை பார்ப்பார்கள், சாட்சி சொல்ல ஒருவன் வந்தால் பெரிய விஷயம். இப்போது எல்லாம் தலைகீழ். பார்த்தவன் ஒருவன்கூட இருக்கமாட்டான்; சாட்சிக்கு மட்டும் பத்துப் பேர் சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டு நிற்பார்கள். குளியலறையில் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தவன்கூட "என் ரெண்டு கண்ணால பார்த்தேன்" என்பான். கிளறிக் கேட்டால், ஊரே பார்த்திருக்கும்போது நான் மட்டும் பார்க்காமல் இருந்தால் நன்றாகவா இருக்கும் என்பான்.

நாடகக் கொட்டகையின் மேடையில், ஒரு மணல் மூட்டைக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சந்தேகத்தார் இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. ஆயுசு முழுவதும் சரக்குக் கிடங்குகளில் காவல் இருந்தவர். கிடங்கு முதலாளியையே வாசலில் நிறுத்தி மடியைச் சோதித்த நாளில் இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. படிப்பு என்று பார்த்தால் கையெழுத்துப் போடுவார், பேருந்துப் பலகையை எழுத்துக் கூட்டிப் படிப்பார், அவ்வளவுதான். ஆனால் பொருள் காணாமல் போனாலும், பழி தவறான தலையில் விழுந்தாலும், ஊரில் பாதிப் பேர் அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டினார்கள். மீதிப் பாதிப் பேர் மேல் அவருக்குச் சந்தேகம் இருந்தது.

"மாமா, அந்த மூட்டையை ரொம்ப நேரமா முறைக்கிறீங்க. பயந்துபோய் ஒத்துக்கிடப் போகுது," என்றாள் பக்கத்தில் நின்றவள்.

அவள் அவருடைய மருமகள். கடைத்தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். மாமனாரை ஸ்கூட்டரில் ஏற்றிப் போவதும், அவர் பேச்சில் காயம்பட்டவர்களைச் சமாதானப்படுத்துவதும் அவளுக்குச் சம்பளமில்லாத உத்தியோகம்.

"மூட்டை பொய் சொல்லாதும்மா. மனுஷங்களைத்தான் முறைக்கணும். வரிசையா முறைப்பேன்."

நடந்தது இவ்வளவுதான். அன்று மத்தியானம் வேடம் கட்டி முழு ஒத்திகை. ராஜா வேடம் போடும் பெரிய நடிகர்தான் கொட்டகைக்கும் சொந்தக்காரர். கடைசிக் காட்சியில் அவர் மட்டும் தனியாகச் சிம்மாசனத்தில் உட்கார்ந்திருப்பார். நாடு போய், மக்கள் போய், கிரீடத்தையும் கழற்றி வைத்துவிட்டு, கொட்டுகிற பனியில் உயிரை விடும் காட்சி. நீல விளக்கு ஒன்று மங்கலாக எரியும். மேடையின் உச்சியில் ஆள் நடக்கும் பலகை உண்டு; திரைக் கயிறுகளுக்கு எடையாகக் கட்டும் மணல் மூட்டைகள் அதன்மேல் இருக்கும். அதை ஒட்டி, பொத்தல் போட்ட நீளத் துணி ஒன்று தொட்டில் மாதிரித் தொங்கும். அதற்குள் வெள்ளைக் காகிதத்தைப் பொடிப்பொடியாக வெட்டி நிரப்பியிருப்பார்கள். கயிற்றை இழுத்துத் தொட்டிலை ஆட்டினால், பொத்தல் வழியாகப் பனி இறங்கும். ராஜா சாய்வார். விளக்கு அணையும்.

இன்று விளக்கு அணைந்து மறுபடி எரிந்தபோது, ராஜா சிம்மாசனத்துக்குக் கீழே மண்டையில் ரத்தத்தோடு கிடந்தார். பக்கத்தில் இந்த மணல் மூட்டை. இப்போது அவர் ஆஸ்பத்திரியில். இன்னும் கண் திறக்கவில்லை. மேலே இருந்து தொட்டிலை ஆட்டியவன் ஒரே ஒருவன். கூரையோடு ஒட்டிக்கொண்டே பிழைப்பவன் என்பதால் அவனுக்குப் பல்லி என்று பெயர். நேற்றுதான் ராஜா அவனை எல்லார் முன்னாலும் சோம்பேறி என்று திட்டியிருந்தார். "மேலேயிருந்து பார்த்தா எல்லா ராஜாவும் எறும்புதான்" என்று பல்லி முணுமுணுத்திருந்தான். முணுமுணுத்தது கொட்டகை முழுக்கக் கேட்டிருந்தது. அது போதாதா?

பல்லி இப்போது மேடை ஓரத்தில் ஒரு பெஞ்சில் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் ஓர் இளவயது சப்-இன்ஸ்பெக்டர். நாடகத் துணிகளை இஸ்திரி போடும் பல்லியின் மனைவி தூணோடு தூணாக நின்றாள். அவள்தான் ஜெராக்ஸ் கடைக்கு ஓடிவந்து, "அவருக்கு வாய்க்கொழுப்பு ஜாஸ்திதாங்க, ஆனா ஆளை அடிக்கிற ஆளு இல்லைங்க" என்று அழுதவள். "எல்லாப் பொண்டாட்டியும் இதையேதான் சொல்றாங்க" என்று சொல்லிக்கொண்டேதான் சந்தேகத்தார் செருப்பை மாட்டினார்.

"பெரியவரே," என்றார் சப்-இன்ஸ்பெக்டர், "ஜீப் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கு. அது திரும்பற வரைக்கும் நீங்க என்ன வேணாப் பாருங்க. வந்துட்டா, இவனை ஏத்திக்கிட்டுப் போய்ட்டே இருப்பேன். ராஜா பிழைச்சா ஒரு கேஸ், போயிட்டா வேற கேஸ்."

"இன்னும் எதுக்கு சார் நேரம்?" என்றார் மேனேஜர். அவர் ராஜாவின் மனைவிக்குத் தம்பி. கொட்டகையின் வரவு செலவெல்லாம் அவர் கையில். தலை சீவி, சட்டை கசங்காமல், சட்டைப் பையில் மூக்குக்கண்ணாடி எட்டிப் பார்க்க, அந்தக் கூட்டத்திலேயே பார்க்க லட்சணமாக இருந்தவர் அவர்தான். "நான் டிக்கெட் ரூம்ல இருந்தேன். கூச்சல் கேட்டு ஓடிவந்து பார்த்தா, அத்தான் கிடக்கிறார், மூட்டை கிடக்குது. மேலே இவன். இதுல துப்பறிய என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்லை. வயசாச்சு, பொழுது போகலை," என்றார் சந்தேகத்தார். "இதை யாரெல்லாம் பார்த்தீங்க?"

இளவரசன் வேடம் போட்ட பையன்தான் முதலில் முன்னால் வந்தான். பாதி மீசை ஒட்டியிருந்தது, பாதி தொங்கியது.

"நான் பார்த்தேன் ஐயா. பனி கொட்ட ஆரம்பிச்சுது, அதோட சேர்ந்து மூட்டையும் வந்துச்சு. ரெண்டும் ஒண்ணா."

"நீ எங்கே நின்னே?"

"பக்கத் திரைக்குப் பின்னால. மீசை ஒட்டிக்கிட்டு இருந்தேன்."

"மீசையைக் கண்ணாடியில பார்த்துத்தானே ஒட்டுவே?"

"ஆமா."

"அப்போ உன் மூஞ்சியைத்தான் பார்த்திருக்கே."

"அதை விட்டுக் கண்ணை எடுக்கிற ஆளாவும் தெரியலை மாமா," என்றாள் மருமகள்.

அடுத்து, மறைவில் உட்கார்ந்து வசனம் எடுத்துக்கொடுக்கும் அம்மாள். அவளும் பனியும் மூட்டையும் சேர்ந்துதான் வந்தன என்றாள். சந்தேகத்தார் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்வைக்கு ஒரு குணம் உண்டு; அதற்கு எதிரே நிற்பவர்கள் சொன்னதைத் திருத்திச் சொல்லத் தொடங்கிவிடுவார்கள்.

"உண்மையைச் சொன்னா, நான் வசனத்தைப் பார்த்துக்கிட்டு இருந்தேங்க. டொக்குன்னு ஒரு சத்தம். நிமிர்ந்தா ராஜா சாயறார். இன்னும் ரெண்டு வரி பாக்கி இருக்கே, முன்னாடியே சாயறாரேன்னு நினைச்சேன். ஆனா தத்ரூபமா சாஞ்சார்."

"டொக்கா, தொம்மா?"

"டொக்."

"அப்போ பனி?"

"அப்போ பனி பாதி வழியிலகூட இல்லை. அப்புறம்தான் மெல்ல இறங்குச்சு. விட்டுப்போன வரியைத் தேடி வசனத்துக்குக் குனிஞ்சேன், விளக்கு அணைஞ்சுது."

"மூட்டையை எப்போ பார்த்தீங்க?"

அம்மாள் யோசித்தாள். "விளக்கு வந்தப்புறம்தான். மூட்டை விழுந்துடுச்சு, மேலேயிருந்து மூட்டை விழுந்துடுச்சுன்னு கத்தினாங்க. பார்த்தா, இருந்துச்சு. நான்தான் ராஜாவுக்குத் துணி கட்டினேன். காயம் காசளவுதாங்க. ரத்தம்தான் நிக்கலை."

"காசளவா?" சந்தேகத்தார் மூட்டையை ஒரு தரம், அம்மாளை ஒரு தரம் பார்த்தார். "இத்தனை பெரிய மூட்டை, இத்தனை உயரத்துலேர்ந்து விழுந்து, காயம் காசளவு."

"ராஜா வேஷம் போட்டுப் போட்டு மண்டை இறுகியிருக்கும்," என்றாள் மருமகள்.

சந்தேகத்தார் சிரிக்கவில்லை. "தம்பி, அந்த மூட்டையைக் கொஞ்சம் தூக்குங்க. நேரா மேலே. இழுக்காம."

சப்-இன்ஸ்பெக்டர் முனகிக்கொண்டே தூக்கினார். அடியில் காகிதப் பனி, மெத்தை போட்ட மாதிரி, தட்டையாக அமுங்கிக் கிடந்தது. தரை ஓர் இடத்திலும் தெரியவில்லை.

"ரெண்டும் ஒண்ணா வந்துச்சுன்னு சொன்னாங்களே," என்றார் சந்தேகத்தார். "ஒண்ணா கிளம்பியிருந்தா மூட்டை நேரா தரைக்கு வந்துடும். பேப்பர் ஆடி அசைஞ்சு, சொந்தக்காரங்க வீட்டுக்கெல்லாம் போய்ட்டு வர்ற மாதிரி கடைசியில வரும். அப்போ மூட்டைக்கு மேலே பனி இருக்கணும், அடியில தரை இருக்கணும். இங்கே பனி மெத்தை போட்டுக்கிட்டு மூட்டை தூங்குது."

"கனமானது வேகமா விழும். அது யாருக்கும் தெரிஞ்ச விஷயம்தானே," என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

"கனம் காரணம் இல்லை சார், காத்துதான் காரணம்," என்ற மருமகள் கைப்பையிலிருந்து இரண்டு வெள்ளைத் தாள்களை எடுத்தாள். ஒன்றைக் கசக்கி உருண்டையாக்கினாள். மற்றதை விரித்தபடியே பிடித்து, இரண்டையும் ஒரே நேரத்தில் விட்டாள். உருண்டை சடாரென்று காலடிக்கு வந்தது. விரித்த தாள் இப்படியும் அப்படியும் போய், சப்-இன்ஸ்பெக்டரின் பூட்ஸ் மேல் சாவதானமாக உட்கார்ந்தது. "ரெண்டும் ஒரே கனம். ஒரே கட்டுல இருந்த தாள். பூமி ரெண்டையும் ஒரே மாதிரிதான் இழுக்குது. விரிச்ச தாளை மட்டும் காத்து அடியில கையைக் கொடுத்துத் தாங்குது."

"நீ ஏதோ கைவேலை பண்றே," என்றார் சந்தேகத்தார். "இப்போ அதைக் கசக்கு, இதை விரி."

"சொந்த மருமகளையே மடியைச் சோதிக்கிறார் பாருங்க."

மாற்றிப் போட்டுப் பார்த்தார்கள். மறுபடியும் கசங்கியதுதான் முதலில் வந்தது. சந்தேகத்தார் "ம்" என்றார். அவரிடமிருந்து அதற்கு மேல் யாருக்கும் கிடைத்ததில்லை.

"சரி, பனி கொட்டி முடிச்சப்புறம் இவன் மூட்டையைத் தள்ளியிருந்தா?" என்று சப்-இன்ஸ்பெக்டர் விடவில்லை. "அப்பவும் அடியில பேப்பர் இருக்குமே."

"அதானே," என்றார் மேனேஜர்.

பல்லி பெஞ்சில் சுருங்கினான். அவன் மனைவி தூணை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"நல்ல கேள்வி. போட்டே பார்த்துடுவோம்," என்றார் சந்தேகத்தார்.

பல்லி எழுந்தான். "நான் ஏறிப் போடறேன் ஐயா."

"நீ உட்காரு. உன்னை நான் இன்னும் நம்பலை. மருமகளே, நீ ஏறு."

"ஜெராக்ஸ் கடையிலேர்ந்து நேரா மேலோகம்," என்று முணுமுணுத்துக்கொண்டே அவள் இரும்பு ஏணியில் ஏறினாள். கொஞ்ச நேரத்தில் இருட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. "மாமா, இங்கே மூட்டையெல்லாம் வரிசையா உட்கார்ந்திருக்கு. மேலே தூசி போர்வை மாதிரி இருக்கு. யாரும் இடத்தை விட்டு எழுந்த மாதிரித் தெரியலை."

சப்-இன்ஸ்பெக்டர் முகத்தில் முதல் தடவையாக ஒரு சுருக்கம் விழுந்தது.

"ஒண்ணை எழுப்பி விடு," என்றார் சந்தேகத்தார். கலையாமல் பனி கிடந்த ஓர் இடத்தைக் காட்டிவிட்டு, எல்லாரையும் விலகி நிற்கச் சொன்னார்.

மேலே உரசும் சத்தம். மூட்டை வந்தது. கொட்டகையே அதிர்ந்தது. கூடவே கிணிங் என்று இன்னொரு சத்தம்.

"ஐயோ, என் ஸ்கூட்டர் சாவி," என்றது மேலிருந்து குரல். "மூட்டையோட சேர்ந்து நழுவிடுச்சு மாமா."

யாரும் சாவியைப் பார்க்கவில்லை. மூட்டை விழுந்த இடத்தைத்தான் பார்த்தார்கள். அடியில் மாட்டிய காற்று நாலா பக்கமும் பீறிட்டு, காகிதப் பனியை அடித்து விரட்டியிருந்தது. மூட்டையைச் சுற்றி ஒரு வட்டத்துக்குத் தரை கழுவி விட்ட தட்டு மாதிரி மொட்டையாகத் தெரிந்தது. சப்-இன்ஸ்பெக்டர் மீசையில் இரண்டு துணுக்கு, இளவரசன் வாயில் ஒன்று. அவன் துப்பினான்.

"இப்போ அந்தப் பழைய மூட்டை இருந்த இடத்தைப் பாருங்க," என்றார் சந்தேகத்தார். "விளிம்பு வரைக்கும் பனி அப்படியே இருக்கு. ஒரு துணுக்குக்கூடப் பயந்து நகரலை. அது விழுந்த மூட்டை இல்லை தம்பி. யாரோ கொண்டுவந்து, தூங்கற குழந்தையைக் கிடத்தற மாதிரி வெச்சிருக்காங்க. இருட்டுல."

இளவரசன் வசனம் எடுத்துக்கொடுக்கும் அம்மாளிடமிருந்து ஓர் அடி தள்ளி நின்றான். அவள் அவனிடமிருந்து இரண்டு அடி தள்ளி நின்றாள்.

"அப்போ ராஜாவை மண்டையில அடிச்சது யாரு?" சப்-இன்ஸ்பெக்டரின் குரல் தாழ்ந்துவிட்டது.

"அதைத்தான் தேடறேன்."

சந்தேகத்தார் மண்டியிட்டு, சிம்மாசனத்தைச் சுற்றிக் கிடந்த பனியைப் புறங்கையால் மெல்ல ஒதுக்கினார். மேலே எல்லாம் சுத்தமான காகிதம். அடியில், தரையோடு தரையாக, வேறு சங்கதி இருந்தது. ஒரு கொண்டை ஊசி. இரண்டு பட்டன். ரவிக்கைக் கொக்கி. கண்ணாடி மணி ஒன்று. செருப்பில் அடிக்கும் ஆணி.

இறங்கி வந்து சாவியைப் பொறுக்கிக்கொண்ட மருமகள் எட்டிப் பார்த்தாள். "இது என்ன பனி மாமா, தையல் கடை பெஞ்சு மாதிரி இருக்கு."

"ஏய் பல்லி, இதெல்லாம் எப்படி வந்துச்சு?"

"பெருக்கி அள்ளினதுங்க," என்றான் பல்லி. "முன்னெல்லாம் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் புதுசா பேப்பர் வெட்டுவோம். இப்போ மேனேஜர் வேண்டாம்னுட்டார். ஆட்டம் முடிஞ்சதும் மேடையைப் பெருக்கி, கூடையில அள்ளி, அதையே திரும்ப மேலே கொட்டறது. அதுல கண்டதும் கடியதும் வரும்."

"சிக்கனம்," என்றார் மேனேஜர். "அதுல என்ன தப்பு?"

"தப்புன்னு யார் சொன்னா? காத்துள்ளபோதே தூத்திக்கன்னு சொல்லியிருக்காங்க," என்றார் சந்தேகத்தார். "களத்துல தூத்தறப்போ என்ன நடக்கும்? பதர் காத்தோட போகும், மணி காலடியில விழும். இங்கேயும் அதுதான் நடந்திருக்கு. தொட்டிலை ஆட்ட ஆட்டக் கனமானது அடியில இறங்கிடும். பொத்தல் வழியா முதல்ல வர்றதும் அதுதான். ஊசி, பட்டன், ஆணி எல்லாம் நேரா தரைக்கு. பேப்பர் அப்புறமா, அதுக்கு மேலே. அதனாலதான் இதெல்லாம் அடியில கிடக்குது."

"பட்டன் விழுந்து மண்டை உடையுமா பெரியவரே?"

"பட்டன் இல்லை. இதைவிடக் கனமா ஒண்ணு. காசளவு காயம் போடற மாதிரி. அந்த அம்மாவுக்கு டொக்குன்னு கேட்டது அதுதான். பனி பாதி வழிக்கு வர்றதுக்கு முன்னாடியே அது ராஜா தலைக்கு வந்துடுச்சு."

"சின்னப் பொருளுக்கு அவ்வளவு வேகம் வருமா?"

"இவ சாவியும் மூட்டையும் ஒண்ணாத்தானே வந்துச்சு? மூட்டை வர்ற வேகத்துக்குச் சாவியும் வந்துச்சே. அந்தச் சாவிக்கு அடியில உங்க தலை இருந்திருந்தா கேள்வி கேக்கமாட்டீங்க." சந்தேகத்தார் முழங்காலைத் தடவிக்கொண்டு எழுந்தார். "ஆனா அந்தப் பொருள் இப்போ இங்கே இல்லை. ஊசி இருக்கு, ஆணி இருக்கு, அது மட்டும் இல்லை."

அவர் பெரிய திரையிடம் போனார். கிடங்கில் ஆட்கள் எதை எதையோ மடிப்பில் தைத்துக் கடத்துவதைத் தடவித் தடவியே கண்டுபிடித்த விரல்கள் அவை. திரையின் அடி மடிப்பைப் பிடித்துக்கொண்டே நடந்தார். உள்ளே கனமான துண்டுகள் வரிசையாகத் தட்டுப்பட்டன.

"ஈயக்கட்டிங்க," என்றான் பல்லி. "திரை காத்துல ஆடாம நேரா நிக்கறதுக்காக வெச்சுத் தைச்சிருக்கு."

ஓரிடத்தில் விரல் நின்றது. மடிப்பு பிரிந்து, உள்ளே காலியாக இருந்தது.

"ஒரு கட்டி கீழே விழுந்திருக்கு. பெருக்கினவங்க பேப்பரோட சேர்த்து அள்ளியிருக்காங்க. மேலே போயிடுச்சு. இன்னைக்கு ராஜா கிரீடத்தைக் கழட்டி வெச்ச நேரம் பார்த்துக் கீழே வந்துடுச்சு." அவர் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். "யாரும் அடிக்கலை. யாரும் எறியலை. ஆனா அந்தக் கட்டியை ஒருத்தர் எடுத்து மறைச்சிருக்கார். அதுக்குப் பதிலா மூட்டையை வெச்சிருக்கார். அந்த ஒருத்தர் இங்கேதான் நிக்கறார்."

சப்-இன்ஸ்பெக்டர் வாசலை மறித்து நின்றார். வெளியே எங்கோ ஒரு வண்டியின் சத்தம் நெருங்கியது.

"எல்லாரும் காலைக் காட்டுங்க," என்றார் சந்தேகத்தார்.

காட்டினார்கள். எல்லார் அடியிலும் காகிதம் ஒட்டியிருந்தது. துணி கட்டிய அம்மாளுக்கு முழங்கால் பக்கமும் இருந்தது. மேனேஜரின் பளபளப்பான செருப்பிலும் இருந்தது.

"இதுல என்ன தெரியும்?" என்றான் இளவரசன்.

"ஒண்ணும் தெரியாது. எல்லாரும்தான் ஓடிவந்தீங்க. கொட்டி முடிஞ்சப்புறம் வந்தவனுக்குப் பனி காலுலதான் ஒட்டும்." அதோடு பேச்சை விட்டுவிட்டு, திரையின் மடிப்பைத் தூக்கிப் பிடித்தார். "மேனேஜர், கொஞ்சம் வாங்க. இந்த நூல் தானா இத்துப் போச்சா, யாராவது அறுத்தாங்களான்னு எனக்குத் தெரியலை. என் கண்ணும் போச்சு. அறுத்திருந்தா, இந்தப் பல்லிமேல கேஸ் திரும்ப நிக்கும்."

மேனேஜர் சட்டென்று முன்னால் வந்தார். "காட்டுங்க," என்று சொல்லிக்கொண்டே சட்டைப் பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை உருவினார்.

கண்ணாடியோடு சேர்ந்து பனியும் வந்தது.

நாலைந்து துணுக்குகள்தான். பையை விட்டு வெளியே வந்து, விளக்கு வெளிச்சத்தில் புரண்டு, ஒன்று இடது பக்கம் போய், ஒன்று அவர் வயிற்றை உரசி, எந்த அவசரமும் இல்லாமல் இறங்கின. மேனேஜர் கண்ணாடியை மாட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டு அவற்றைப் பார்த்தார். எல்லாரும் பார்த்தார்கள். கடைசித் துணுக்கு தரையைத் தொடும்வரை பார்த்தார்கள்.

"டிக்கெட் ரூம்ல பனி பெஞ்சுதா சார்?" என்றாள் மருமகள்.

"தலையைச் சீவிட்டீங்க," என்றார் சந்தேகத்தார். "சட்டையைத் தட்டிட்டீங்க. பைக்கு வாய் மேலே இருக்குங்கறதை மறந்துட்டீங்க. பனி கொட்டிக்கிட்டு இருக்கறப்போ அதுக்கு அடியில நின்னவனுக்குத்தான் பையில விழும்."

மேனேஜர் சிம்மாசனத்தின் படியில் உட்கார்ந்துவிட்டார். கால்சட்டைப் பையிலிருந்து சுண்டுவிரல் நீளத்தில் மங்கலான ஒரு கட்டியை எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

"பக்கத் திரைக்கிட்ட நின்னு பார்த்துக்கிட்டு இருந்தேன். அத்தான் சாஞ்சதும் நடிப்புன்னு நினைச்சேன். ரத்தம் பார்த்துத்தான் ஓடினேன். காலடியில இது கிடந்துச்சு. எடுத்த உடனே புரிஞ்சு போச்சு. புதுப் பேப்பர் வேண்டாம், பெருக்கி அள்ளுங்கன்னு சொன்னவன் நான். அத்தான் அன்னைக்கே வேண்டாம்டான்னார். அக்காகிட்டே நான் என்னன்னு சொல்லுவேன்? விளக்கு அணைஞ்சுது. ஓரத்துல திரைச்சட்டத்துக்கு முட்டுக் கொடுத்த மூட்டை ஒண்ணு இருந்துச்சு." அவர் பல்லியின் பக்கம் பார்க்கவில்லை. "இவன் பேர்ல கேஸ் நிக்காது, விட்டுடுவாங்கன்னு நினைச்சேன்."

"நின்னிருக்கும்," என்றார் சப்-இன்ஸ்பெக்டர். "நான் நிறுத்தியிருப்பேன்."

சந்தேகத்தார் மேனேஜரைக் குனிந்து பார்த்தார். "நாடகத்துலேயே பொறந்து வளர்ந்தவன், பனி மேலேயிருந்து வரும்ங்கறதை மறந்துட்டே. அது போகட்டும். அத்தானைத் தூக்க வேண்டிய நேரத்துல மூட்டையைத் தூக்கியிருக்கே. அதை உங்க அக்காகிட்டே எப்படிச் சொல்லுவே?"

மேனேஜர் மூக்குக்கண்ணாடியை மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டார்.

ஜீப் வந்து நின்றது. உள்ளே வந்த டிரைவர், ராஜா கண் திறந்துவிட்டதாகவும், திறந்ததும் "விளக்கை ஏன்டா முன்னாடியே அணைச்சீங்க" என்று சத்தம் போட்டதாகவும் சொன்னார். வசனம் எடுத்துக்கொடுக்கும் அம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். ஏற்ற வேண்டிய ஆள் மாறிவிட்டதைச் சப்-இன்ஸ்பெக்டர் டிரைவருக்குக் கண்ணாலேயே காட்டி, மேனேஜரின் தோளைத் தொட்டார்.

பல்லியின் மனைவி புருஷனின் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், விட்டால் மறுபடி கூரைக்கு ஏறிவிடுவான் என்பது போல. பல்லி சந்தேகத்தாரிடம் வந்து அவர் கையைப் பற்றிக்கொண்டான்.

சந்தேகத்தார் அந்தக் கையை விடவில்லை. திருப்பி, உள்ளங்கையைப் பார்த்தார். கயிறு அறுத்துக் காய்த்துப்போன கை.

"இந்தக் கையாலதானே அள்ளி மேலே கொட்டினே?"

"ஆமாங்க."

"ஈயம். இத்தனை கனம். தட்டுப்படலையா?"

"கூடையோட கவுக்கறதுதாங்க. உள்ளே கையை விடறது இல்லை."

"கொட்டினப்புறம் துணியில பரப்பி விடமாட்டியா? ஒரே இடத்துல குவிஞ்சா பனி ஒரே இடத்துலதானே விழும்?"

பல்லியின் கண் ஒரு கணம் மேலே போய்ப் பலகையைத் தொட்டுவிட்டு வந்தது. "பரப்புவேங்க. தட்டுப்படலைங்க."

"ஐயா, அதான் எல்லாம் தெளிஞ்சு போச்சே," என்றாள் அவன் மனைவி.

சந்தேகத்தார் கையை விட்டார். மேடைப் படியில் இறங்கி, காலி நாற்காலிகளுக்கு நடுவே நடந்து, வெளியே வெயிலுக்கு வந்தார். மருமகள் பின்னாலேயே ஓடிவந்தாள்.

"என்ன மாமா இது? அந்த மனுஷன் நிரபராதின்னு இவ்வளவு பாடுபட்டு நீங்கதானே நிரூபிச்சீங்க?"

"நான் எங்கே அப்படிச் சொன்னேன்?" என்றார் சந்தேகத்தார். "மூட்டை நிரபராதி. அதைத்தான் நிரூபிச்சேன்."

அவள் ஸ்கூட்டரைக் கிளப்பிப் பக்கத்தில் கொண்டுவருவதற்குள், அவர் தெருமுனை வரை போய்விட்டிருந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தலையை ஆட்டிக்கொண்டே.